ஸ்மார்ட் சர்ஃபேஸ் பேனல்கள்: விலைப்பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

கட்டடத்தின் ஒரு பக்கத்துக்கு மில்லிமீட்டர் அலை 5ஜி (26, 28 கிகாஹெர்ட்ஸ் போன்ற மிக உயர்ந்த அலைவரிசையில் வருவது) வந்து சேரவில்லை என்றால், இன்று மூன்று வகைப் பொருட்களை விற்க வருகிறார்கள். ஒன்று, கரண்டே வேண்டாத நிலையான ரிஃப்ளெக்டர் தகடு. இரண்டு, நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சின்ன எலிமென்ட்டுகளை (அலையை எதிரொலிக்கும் சிறு துண்டுகளை) கன்ட்ரோலர் வைத்து மாற்றி, பீமை, அதாவது குவிந்த சிக்னல் கற்றையை, வேண்டிய பக்கம் திருப்பும் பேனல். ஸ்மார்ட் சர்ஃபேஸ் என்று சரியாகச் சொல்ல வேண்டியது இதைத்தான். மூன்று, சிக்னலை வாங்கிப் பெருக்கி மறுபடி அனுப்பும், ஆபரேட்டரின் கட்டுப்பாட்டில் இயங்கும் ரிப்பீட்டர்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிலையான ரிஃப்ளெக்டரை விலைக்கு வாங்கலாம். திருப்பும் பேனலை இப்போதைக்கு வாடகைக்கு மட்டும் எடுங்கள். ரிப்பீட்டர் ஆபரேட்டரின் செலவு, அதைக் கட்டடக்காரர் தன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் ரிப்பீட்டர் வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொழில்நுட்பத்தில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. கோளாறு விலை வைக்கும் முறையில் இருக்கிறது. பில் சுவரின் சொந்தக்காரருக்குப் போகிறது, பலன் ஆபரேட்டருக்குப் போகிறது. அதற்கு மேல், எலிமென்ட்டுக்கு இவ்வளவு என்று எண்ணி விற்கும்போது, வாங்குபவருக்குத் தேவையானதை விடச் சின்ன பேனலை விற்பதுதான் விற்பவருக்கு லாபமாகிறது. இந்த இரண்டையும் சரிசெய்யாத ஒப்பந்தத்தில் எந்த பிராண்டு பேனலும் காசுக்குத் தகாது.

முதலில் கொடுக்கும் காசுக்கு எவ்வளவு சிக்னல் வரும் என்று பார்ப்போம். 28 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10.7 மில்லிமீட்டர். எலிமென்ட்டுகளை அரை அலைநீள இடைவெளியில் அடுக்கினால் 30 சென்டிமீட்டர் சதுரத்தில் பக்கத்துக்கு 56, மொத்தம் 3,136 பிடிக்கும். பேஸ் ஸ்டேஷன் 100 மீட்டரிலும் பயனர் 20 மீட்டரிலும் இருந்தால், நடுவில் தடையே இல்லாமல் 120 மீட்டர் வந்த சிக்னலை விடச் சுமார் 6 டெசிபெல் மட்டுமே குறைவாகக் கிடைக்கும் (6 டெசிபெல் என்றால் 4 மடங்கு, 10 என்றால் 10 மடங்கு). இது நல்ல எண்தான். மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் மாதிரிக் கணக்கில் 28 கிகாஹெர்ட்ஸுக்கு வெப்பம் தடுக்கும் ஆபீஸ் கண்ணாடி ஒன்றே 31 டெசிபெல்லைத் தின்றுவிடுகிறது. கான்கிரீட் 117. அந்தப் பக்கமாகச் சிக்னல் வரவே போவதில்லை. அதற்குப் பதில் 6 டெசிபெல் இழப்பில் சுற்றிக்கொண்டு வருகிறது என்றால் காசு கொடுக்கலாம்.

பயனரை 20 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்குத் தள்ளுங்கள். அதே பேனல், அதே விலை, இழப்பு 12 டெசிபெல் ஆகிவிடும். போகும் தூரத்தையும் வரும் தூரத்தையும் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். அதனால் பேனல் பேஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கலாம், பயனருக்குப் பக்கத்தில் இருக்கலாம், சரிபாதித் தூரத்தில் மட்டும் இருக்கக் கூடாது. 'காலியாக இருந்த சுவர் அது ஒன்றுதான்' என்று நடுவில் மாட்டித் தரும் வேலைக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

3.5 கிகாஹெர்ட்ஸுக்கும் இதே பேனல் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே அலைநீளம் 86 மில்லிமீட்டர். அதே பலன் வேண்டுமென்றால் பரப்பு 8 மடங்காக வேண்டும், அதாவது பக்கத்துக்கு 85 சென்டிமீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசையில் எவ்வளவு பெரிய சுவர் தேவை என்பதற்கு எம்.ஐ.டி.யின் ஆர்ஃபோகஸ் நல்ல சாட்சி. வெங்கட் அருணும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவரான ஹரி பாலகிருஷ்ணனும் 2020-இல் வெளியிட்ட வேலை அது. 6 சதுர மீட்டர் பரப்பில் 3,200 எலிமென்ட்டுகள், ஒவ்வொன்றும் சில சென்ட் விலைதான். சிக்னல் வலிமை இடைநிலை அளவில் சுமார் 9.5 மடங்கு கூடியது. ஆனால் சேனலின் கொள்ளளவு 2 மடங்குதான் ஆனது. இந்த 9.5-க்கும் 2-க்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பிடித்துக்கொள்ளுங்கள், விலை விஷயம் முழுவதும் அதில்தான் நிற்கிறது.

ப்ரோஷரில் ஏமாற்றும் இன்னொரு இடம் பீமின் அகலம். 30 சென்டிமீட்டர் பேனல் 28 கிகாஹெர்ட்ஸில் தரும் பீம் 1.8 டிகிரிதான். 20 மீட்டரில் அது 60 சென்டிமீட்டர் அகலத் திட்டு, ஒரு ஆள் நிற்கும் இடம். நிலையான ரிஃப்ளெக்டர் ஒரு வராந்தா முழுவதையும் மூட வேண்டுமென்றால் பீமை விரித்துத்தான் ஆக வேண்டும். 20 டிகிரிக்கு விரித்தால் சுமார் 10 டெசிபெல் போய்விடும். உச்ச கெயினையும் (ஒரே திசையில் குவியும் வலிமையையும்) 20 டிகிரி கவரேஜையும் ஒரே வரியில் போட்டிருந்தால், இரண்டும் ஒரே பேட்டர்னில் அளந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். நாங்கள் சொன்ன 6 டெசிபெல் கணக்கும் குறுகிய பீமுக்கானதுதான். விரித்த பீமுக்கு அதோடு இந்தப் பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்த்து இழப்பு 16 ஆனாலும், கண்ணாடி தின்னும் 31-ஐ விட அது மேல்தான், ரிஃப்ளெக்டர் தோற்பதில்லை.

திருப்பும் பேனலில் விரிக்க வேண்டியதில்லை, ஆளைத் தேடிப் பீம் போகும். அதற்கு வேறு விலைகள் உண்டு. ஃபேஸை (அலையின் ஏற்ற இறக்கம் வரும் நேரத்தை) 1 பிட்டில், அதாவது இரண்டே நிலைகளில் மாற்றும் பேனல் 3.9 டெசிபெல்லை இழக்கிறது. 2 பிட் என்றால் 0.9 மட்டுமே. விலைப்பட்டியலில் 1 பிட் பேனல் மலிவாகத் தெரியும். ஆனால் அந்த 3 டெசிபெல் வித்தியாசத்தை எலிமென்ட்டுகளைக் கூட்டிச் சரிக்கட்டினால் 41 சதவீதம் அதிகம் வாங்க வேண்டும். ஒப்பிடும்போது இதைச் சேர்த்து ஒப்பிடுங்கள். பீமைத் தேடும் நேரமும் உண்டு. போன் பேஸ் ஸ்டேஷனைக் கண்டுபிடிக்க உதவும் 5ஜி-யின் சிங்க் சிக்னல் வழக்கமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வருகிறது. பேனலில் 64 பீம் நிலைகள் இருந்து ஒவ்வொன்றையும் ஒரு சுற்றுக்கு வைத்துப் பார்த்தால் முழுத் தேடலுக்கு 1.28 செகண்ட் ஆகும். உட்கார்ந்து வேலை செய்யும் ஆபீஸுக்கு இது பரவாயில்லை. ஆட்கள் நடந்துகொண்டே இருக்கும் நடைபாதைக்கு இது பிரச்சினை.

ஜப்பானில் ஆபரேட்டரான என்.டி.டி. டோகோமோவும் கண்ணாடி நிறுவனமான ஏ.ஜி.சி.யும் 2020 ஜனவரியில் ஒளி ஊடுருவும் மெட்டாசர்ஃபேஸ் (சின்ன எலிமென்ட்டுகள் பதித்த) கண்ணாடியை 28 கிகாஹெர்ட்ஸில் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு ஜன்னலில் ஒட்டும் லென்ஸ் ஃபிலிமையும் காட்டினார்கள். வெளியே இருந்து வரும் அலையை அது உள்ளே ஒரு புள்ளியில் குவிக்கிறது. ஜப்பானில் லிக்விட் கிரிஸ்டல் ரிஃப்ளெக்டரையும் உருவாக்கியிருக்கிறார்கள். டிஸ்ப்ளே தயாரிக்கும் அதே லைனில் செய்ய முடியும் என்பதால் பெரிய பரப்புக்கு அது மலிவாகும். ஆனால் நிலை மாற சில மில்லிசெகண்டுகள் முதல் பல பத்து மில்லிசெகண்டுகள் வரை எடுக்கும், குளிரில் இன்னும் மந்தம். சுவிட்சாக இயங்கும் 'பின்' (PIN) டயோடு வைத்த பேனல் மைக்ரோசெகண்டுக்குள் மாறும். ஆனால் ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் டயோடும் பயாஸ் வயரும் வேண்டும், அதனால் எலிமென்ட் எண்ணிக்கையோடு விலையும் நேராக ஏறும். 28 கிகாஹெர்ட்ஸ் பேனலைச் சாதாரண எஃப்.ஆர்.4 சர்க்யூட் போர்டில் செய்து விலையைக் குறைத்திருந்தால் ஒதுங்கிவிடுங்கள். அந்த அலைவரிசையில் அதன் உள்ளிழப்பு அதிகம், குறைந்த விலையில் கிடைத்த லாபம் போர்டிலேயே சூடாகிப் போய்விடும்.

இனி விலை முறை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதிகம் வரும் முறை, எலிமென்ட்டுக்கு இவ்வளவு என்று விற்பவர் விலை வைப்பது, அந்த விலையைப் பார்த்து எத்தனை வேண்டும் என்று ஆபரேட்டர் முடிவு செய்வது. முதலில் ஒருவர் நகர, அடுத்தவர் அதைப் பார்த்து நகரும் இந்த அமைப்பை 1934-இல் ஜெர்மன் பொருளாதார அறிஞர் ஹைன்ரிஷ் ஃபான் ஷ்டாக்கெல்பெர்க் ஆராய்ந்தார், அவர் பெயரிலேயே நிற்கிறது. படிக்க அழகான மாதிரி. சுவரில் மாட்டும்போது என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நேர்வழிச் சிக்னல் இல்லை, பேனல் வழியாக மட்டுமே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எலிமென்ட்டை இரட்டிப்பாக்கினால் சிக்னல் 4 மடங்கு, அதாவது 6 டெசிபெல் கூடும். சிக்னல் இரைச்சலுக்குக் கீழே இருக்கும் வரை ஒவ்வொரு புது எலிமென்ட்டும் முந்தையதை விட அதிகப் பலன் தரும். அங்கே பாதி வாங்குவதில் அர்த்தமே இல்லை. வாங்கினால் நிறைய, இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். சிக்னல் மேலே வந்த பிறகு வேகம் லாகரிதமாக ஏறுவதால் ஒவ்வொரு புது எலிமென்ட்டின் பலனும் குறைந்துகொண்டே போகும்.

இந்த இரண்டும் சேரும்போது வாங்குபவர் தாங்கக்கூடிய உச்ச விலை ஒன்று இருக்கிறது. அந்த விலையில் அவர் வாங்கும் அளவு, சிக்னல்-இரைச்சல் விகிதத்தைச் சுமார் 6 டெசிபெல்லுக்குக் கொண்டுவரும், வேகம் செகண்டுக்கு ஒரு ஹெர்ட்ஸுக்கு 2.3 பிட். அதன் பின் விலையைக் கால்வாசியாகக் குறைத்தால் அவர் 5 மடங்கு எலிமென்ட் வாங்குவார், விகிதம் 20 டெசிபெல் ஆகும், வேகம் 6.6 பிட்டுக்குப் போகும். ஏறக்குறைய 3 மடங்கு. ஆனால் விற்பவரின் மொத்த வருமானம்? 24 சதவீதம்தான் கூடும். ஐந்து மடங்கு சரக்கைச் செய்து கொடுத்துவிட்டு 24 சதவீதம் அதிகம் வாங்க எந்த உற்பத்தியாளரும் முன்வரமாட்டார். அதனால்தான் எலிமென்ட் கணக்கில் வரும் கொட்டேஷன்கள் வேலை செய்கிற எல்லையிலேயே நிற்கும் சின்ன பேனலாக இருக்கும். விற்பவரைக் குறை சொல்ல முடியாது, விலை முறையே அவரை அங்கே தள்ளுகிறது.

இதற்குத் தீர்வு பழையதுதான், இரண்டு பகுதிக் கட்டணம். எலிமென்ட்டை அடக்க விலைக்கு ஒட்டியே கொடுக்கட்டும், லாபத்தை ஆண்டுக்கு ஒரு தனிக் கட்டணமாக வாங்கட்டும். அப்போது பெரிய பேனல் வைப்பதில் விற்பவருக்கு நஷ்டம் இல்லை, வாங்குபவரும் தேவையான அளவுக்குப் போவார். கொட்டேஷன் கேட்கும்போதே 30, 50, 80 சென்டிமீட்டர் என்று மூன்று அளவுக்குத் தனித்தனி விலை கேளுங்கள். விலை பரப்போடு நேர்விகிதத்தில் ஏறினால் லாபம் எலிமென்ட்டுக்குள் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். கன்ட்ரோலர், பிராக்கெட், சர்வே, மாட்டும் கூலி எல்லாம் பெரும்பாலும் நிலையான செலவுகள், அளவு கூடும்போது சதுர சென்டிமீட்டர் விலை இறங்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்த கேள்வி, யார் கொடுப்பது. ஒரு மாலில் பேனல் வைத்தால் ஆபரேட்டருக்கு ஒரு ஸ்மால் செல் (சின்ன பேஸ் ஸ்டேஷன்) மிச்சமாகிறது. ரேடியோ, ஃபைபர் இழுக்கும் செலவு, கரண்ட், இட வாடகை எல்லாம் சேர்ந்த அந்தத் தொகைதான் பேனலுக்குக் கொடுக்கலாம் என்கிற உச்சவரம்பு. உதாரணத்துக்கு, 5 வருடத்துக்கு ஒரு ஸ்மால் செல் 10 லட்சம் ஆகிறது, பேனல் அது மூடும் இடத்தில் 60 சதவீதத்தை மூடுகிறது என்றால் 6 லட்சத்துக்கு மேல் பேச்சே கிடையாது. அதிலும் கழிவு உண்டு. ஸ்மால் செல் புதுக் கொள்ளளவைக் கொண்டுவரும். பேனல் இருக்கிற கொள்ளளவை வேறு மூலைக்குத் திருப்பும், அவ்வளவுதான். கூட்டம் நெரிக்கும் ரயில் நிலையத்திலும் ஸ்டேடியத்திலும் பேனலுக்கு மதிப்பு குறைவு. ஆட்கள் குறைவாக, ஆனால் சிக்னல் கட்டாயம் வேண்டிய கிடங்கு, ஆஸ்பத்திரி வராந்தா, ஆபீஸின் உள்மூலை ஆகிய இடங்களில்தான் அது காசுக்குத் தகும்.

இந்தியாவில் 2022 ஏலத்தில் 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் அடிப்படை விலை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 317 கோடி. 26 கிகாஹெர்ட்ஸுக்கு 6.99 கோடி. 45 மடங்கு வித்தியாசம். மேல் பட்டை எட்டும் தூரம் குறைவு என்பது அந்த விலையிலேயே பெருமளவு கழிக்கப்பட்டிருக்கிறது. பேனல் விற்பது அந்தக் குறைந்துபோன எட்டுதலைத்தான், ஆகவே மலிவாக வாங்கிய ஸ்பெக்ட்ரத்துக்கு உயிர் கொடுப்பதன் பலன் ஆபரேட்டரின் கணக்கில் போய்ச் சேருகிறது. கட்டடக்காரர் பேனலுக்கும் காசு கொடுத்து, சுவரையும் இலவசமாகக் கொடுப்பது நியாயம் இல்லை. எங்கள் பரிந்துரை, பேனலின் செலவை ஆபரேட்டர் ஏற்கட்டும், சுவருக்கு வாடகையும் கொடுக்கட்டும். வாடகைதாரர்கள் நல்ல சிக்னலுக்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால் மட்டும் கட்டடக்காரர் ஒரு பங்கு போடலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்புக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறையை அறிவித்தது. அந்த நட்சத்திரத்தை வைத்து வாடகை பேச முடிகிற இடத்தில் கட்டடக்காரருக்கும் சொந்தக் காரணம் வந்துவிடுகிறது, அங்கே பங்கு போடுவதில் தவறில்லை.

கட்டாயத்தால் மட்டும் இது நடக்காது என்பதற்குத் தென்கொரியா இருக்கிறது. 28 கிகாஹெர்ட்ஸ் வாங்கிய மூன்று ஆபரேட்டர்களும் தலா 15,000 நிலையங்கள் வைக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. யாரும் எட்டவில்லை. 2022 கடைசியிலும் 2023-லும் அரசு அலைவரிசையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வருமானம் தெரியாத இடத்தில் எண்ணிக்கை இலக்கு வைத்தால் யாரும் காசு இறக்கமாட்டார்கள். பேனலுக்கு மானியம் கொடுக்க நினைக்கும் எந்த அரசும் பேனல் எண்ணிக்கைக்குக் கொடுக்காமல், சிக்னல் வந்த இடத்துக்குக் கொடுக்க வேண்டும்.

ஒப்பந்தத்திலும் அதையே எழுதுங்கள். சராசரி டெசிபெல் உயர்வுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஏற்கெனவே நன்றாக இருந்த இடத்தில் 10 டெசிபெல் ஏற்றிச் சராசரியைத் தூக்கிவிட முடியும், அதனால் யாருக்கும் பயன் இல்லை. தரையை 2 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் முன்பே பேசிக்கொண்ட குறைந்தபட்ச வேகம் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பேனல் இல்லாமல் தோற்றுப் பேனலோடு ஜெயித்த புள்ளிகளுக்குத்தான் காசு. திருப்பும் பேனல் என்றால் ஒரு மணி நேரம் இயக்கி, ஒரு மணி நேரம் நிறுத்தி மாற்றி மாற்றி அளக்கலாம். ஒரு நாள் முழுக்க ஆனில், மறுநாள் முழுக்க ஆஃபில் என்று அளந்தால் டிராஃபிக் வித்தியாசம் உள்ளே புகுந்துவிடும். நிலையான தகட்டைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும், அல்லது அலையை உறிஞ்சும் ஃபோம் போட்டு மூட வேண்டும்.

மாட்டும் வேலையில் அதிகம் சொதப்புவது கோணம். பேனல் 1 டிகிரி சாய்ந்தால் எதிரொலிக்கும் பீம் சுமார் 2 டிகிரி விலகும். பீமே 1.8 டிகிரிதான், 20 மீட்டரில் 70 சென்டிமீட்டர் தள்ளிப்போய் இலக்கையே தவறவிடும். சாதாரண டி.வி. பிராக்கெட்டில் இதைப் பிடிக்க முடியாது. இரண்டு அச்சிலும் திருகும் பிராக்கெட், 0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் லெவல், மாட்டிய பின் லாக் நட் இவை கொட்டேஷனில் தனி வரியாக இருக்க வேண்டும். ஏ.சி.பி. ஷீட் (கட்டட முகப்பில் ஒட்டும் அலுமினியத் தகடு) மேல் நேராக மாட்ட விடாதீர்கள். வெயிலில் ஷீட் உப்பும், கோணம் மதியத்துக்கு மதியம் மாறும். உள்ளே இருக்கும் இரும்பு ஃபிரேமில் கட்டச் சொல்லுங்கள்.

போலரைசேஷனையும், அதாவது அலை அதிரும் திசையையும், கேளுங்கள். மில்லிமீட்டர் பேஸ் ஸ்டேஷன்கள் இரண்டு போலரைசேஷனில் இரண்டு ஸ்ட்ரீம் அனுப்புகின்றன. ஒற்றைப் போலரைசேஷன் பேனலில் ஒன்று மட்டுமே திரும்பி வரும், உச்ச வேகம் பாதியாகும். பேனல் தன் ஆபரேட்டரின் அலைவரிசையை மட்டும் பார்க்காது என்பதும் முக்கியம். 2022 ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸில் ஜியோ 1,000 மெகாஹெர்ட்ஸும் ஏர்டெல் 800 மெகாஹெர்ட்ஸும் வாங்கின. ஒருவருக்காகத் திருப்பும் பேனல் மற்றவரின் அலையையும் எங்கேயோ சிதறடிக்கும். ஒரே ஆபரேட்டருக்குத் தனியுரிமை கொடுக்கும் முன் மற்ற ஆபரேட்டர்களின் சிக்னலையும் அதே கட்டங்களில் முன்னும் பின்னும் அளந்து வையுங்கள். பொதுவான பேனல், பகிர்ந்த வாடகை என்பது பேசுவதற்குக் கடினம், ஆனால் கட்டடக்காரருக்கு நல்லது.

கரண்ட் செலவு பெரிதில்லை. கன்ட்ரோலரோடு 20 வாட் எடுக்கும் பேனல் வருடத்துக்கு 175 யூனிட். அதை விடப் பெரிய செலவு வேலை செய்யாத நாட்கள். எதிரில் ஒரு விளம்பரப் பலகை வந்தாலோ, ஆபரேட்டர் ஆன்டெனாவின் சாய்வை மாற்றினாலோ நிலையான தகடு வெறும் தகடாகிவிடும். ஆன்டெனாவில் கை வைக்கும் முன் எழுத்தில் தகவல் தர வேண்டும், மறுபடி அலைன் செய்யும் கூலி யார் மேல் என்பது இரண்டும் ஏ.எம்.சி.யில் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) இருக்கட்டும்.

திருப்பும் பேனலை வாடகைக்கு மட்டும் எடுக்கச் சொன்னதற்குக் காரணம் கன்ட்ரோல் முறை. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஈ.டி.எஸ்.ஐ. 2021-இல் இதற்கென்று தனிக் குழு அமைத்தது. ஆனால் 3ஜிபிபி தன் 18-ஆம் வெளியீட்டில் நெட்வொர்க் கட்டுப்படுத்தும் ரிப்பீட்டரைத்தான் தரப்படுத்தியது, சர்ஃபேஸை அதில் எடுக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு உற்பத்தியாளரின் கன்ட்ரோலரும் தனி மொழி பேசுகிறது, பேஸ் ஸ்டேஷனோடு நேராகப் பேசாது. இன்று விலைக்கு வாங்கிய பேனலை நாளைய தரத்துக்கு மாற்ற முடியுமா என்பது முழுக்க விற்பவர் கையில். வாடகை மூன்று வருடத்துக்கு மேல் போக வேண்டாம், கழற்றும் செலவு விற்பவருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் போனாலோ கன்ட்ரோலர் செத்தாலோ பேனல் எந்த நிலையில் நிற்கும் என்றும் கேளுங்கள். பெரும்பாலான பேனல்களில் எல்லா எலிமென்ட்டும் ஒரே நிலைக்கு விழுந்து, வந்த கோணத்துக்குச் சமமான கோணத்தில் கண்ணாடி போல எதிரொலிக்கும் சாதாரணத் தகடாகிவிடும். தயாரிக்கும்போதே ஒரு விரிந்த பீமை அந்த அடிப்படை நிலையில் வடிவமைத்துக் கொடுக்க முடியும். அதைச் செய்து தரும் விற்பனையாளருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.